துளை இல்லாத பேஸ் கிட்டார்

அந்தப் பழைய பேஸ் கிட்டாரில், தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜைச் சுற்றி ஒரு துளைகூட இல்லாமல் பாடி (உடல்பகுதி) வழுவழுவென்று இருந்ததைப் பார்த்துத்தான் நான் மயங்கினேன். அறுபது வருஷத்துப் பொருளை எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று எனக்குள் ஒரே பூரிப்பு. அந்த வழுவழுப்பைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும் என்பது பல மாதம் கழித்துத்தான் உறைத்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் இருப்பது தெற்குக் கலிஃபோர்னியாவில், செரிட்டோஸில். இங்கிருந்து ஃபுல்லர்டன் அரை மணி நேரக் கார் தூரம். லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஊர் அது. கிட்டார் வாசிக்கவே தெரியாத அந்த மனிதர் 1951இல் பிரிசிஷன் பேஸ் என்று ஒன்றைச் செய்து சந்தைக்குக் கொண்டுவந்தார். அதுவரை பேஸ் என்றால் ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ்தான். மேளச் சத்தத்தில் அது கேட்காது, காரிலும் ஏறாது. பேஸைக் கிட்டார் மாதிரித் தோளில் மாட்டிக்கொண்டு, கழுத்தின் குறுக்கே ஃபிரெட் என்னும் உலோகக் கம்பிகள் வைத்து, சுருதி பிசகாமல் வாசிக்கலாம் என்பதால்தான் 'பிரிசிஷன்' என்று பெயர். 1965 ஜனவரியில் ஃபெண்டர் கம்பெனியை சிபிஎஸ் என்ற ஒளிபரப்பு நிறுவனம் வாங்கியது. அதற்கு முன்பு செய்த கிட்டார்களைச் சேகரிப்பவர்கள் 'ப்ரீ-சிபிஎஸ்' என்று தனியாகப் பிரித்துப் பேசுவார்கள். விலையும் அப்படித்தான் பிரியும்.

இளையராஜா பாட்டுகளில் பாடகரை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டே வளர்ந்தவன் நான். கல்லூரி மெல்லிசைக் குழுவில் கடன் வாங்கிய பேஸில் வாசித்திருக்கிறேன். ஐம்பது வயதுக்குள் ஒரு ப்ரீ-சிபிஎஸ் பிரிசிஷன் வாங்கிவிட வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. ஆசைதான் இந்த விஷயத்தில் முதல் எதிரி.

ரிவர்சைடு பக்கம் ஒரு வீட்டில் விற்பனைக்கு இருப்பதாகத் தெரிந்தது. விற்றவர் அறுபதைத் தாண்டியவர். பேஸ் அவருடைய அப்பாவுடையது. அப்பா சர்ச்சிலும் கல்யாண பேண்டுகளிலும் வாசித்தவர், இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. நடுவில் வெளிறி ஓரத்தில் கருக்கும் மூன்று வண்ண சன்பர்ஸ்ட் பெயிண்ட், விரல் பதிக்கும் ரோஸ்வுட் ஃபிரெட்போர்டு, பாடியின் முன்பக்கத்தை மூடும் பிக்கார்ட் தகடு சிவப்புத் திட்டுகள் ஓடும் ஆமையோட்டு நிறத்தில், கழுத்தடித் தகட்டில் 'எல்' என்று தொடங்கும் எண். "எல்லாமே ஒரிஜினல், ஒரு கடையில் காட்டிக் கேட்டோம்" என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை. பின்னால் தெரிந்தது, அவர் பொய் சொல்லவும் இல்லை. அவருக்குச் சொன்னவர்கள் சரியாகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், முழுப் பணத்தையும் அன்றே கொடுக்காதது. முன்பணம் கொடுத்து, "இரண்டு வாரம் டைம் கொடுங்கள், பிரித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் தருகிறேன், ஒத்துவராவிட்டால் திருப்பித் தருகிறேன்" என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். பிரித்துப் பார்க்கச் சம்மதிக்காதவரிடம் பழைய ஃபெண்டர் வாங்காதீர்கள். வெளியே தெரிவதை வைத்து இந்தக் கிட்டார்களில் எதையும் சொல்ல முடியாது.

ஏனென்றால் ஃபெண்டர் கிட்டார் அடிப்படையில் ஒரு மெக்கானோ செட், பூட்டிக் கழற்றும் விளையாட்டுச் சாமான் மாதிரி. நெக் (கழுத்து) தனி, பாடி தனி. நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் இரண்டும் பிரிந்துவிடும். தொழிற்சாலையில் வேகமாகச் செய்ய இந்த ஏற்பாடு வசதி. அறுபது வருஷத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் மாற்றியிருக்கவும் இதே வசதிதான். எண் பொறித்த தகடு அந்த நாலு ஸ்க்ரூவில்தான் நிற்கிறது. போலித் தகடு காசு கொடுத்தால் கிடைக்கும். நிஜத் தகடே இன்னொரு கிட்டாரிலிருந்து வந்திருக்கலாம். தொழிற்சாலையிலும் தகடுகளை வரிசைப்படி எடுத்துப் பூட்டவில்லை. பெட்டிக்குள் கைவிட்டு எது வந்ததோ அது. அதனால் எண்ணை வைத்து "சுமார் இந்த வருஷம்" என்று மட்டும் சொல்லலாம். தலைப்பக்கம் இருக்கும் லோகோ ஸ்டிக்கர் இன்னும் மோசம், அதைப்போல நகலெடுக்கச் சுலபமானது வேறில்லை. ஆனால் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது அந்த இரண்டையும்தான். நானும் அப்படித்தான் பார்த்தேன்.

சாப்பாட்டு மேசையில் பழைய பெட்ஷீட்டை விரித்துப் பிரிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு ஸ்க்ரூவும் எந்தத் துளையிலிருந்து வந்தது என்று அட்டையில் படம் வரைந்து அங்கங்கே குத்தி வைத்தேன். என் மனைவி வந்து பார்த்துவிட்டு, "ஏங்க, அக்கு வேறு ஆணி வேறா பிரிச்சுட்டீங்களே, திரும்பப் பூட்டத் தெரியுமா?" என்றாள். நியாயமான கேள்வி.

நெக்கைக் கழற்றியதும் அதன் அடிக்கட்டையில் மங்கிய மை முத்திரை: '5 மே 64 சி'. உடம்பு சிலிர்த்தது என்றால் மிகையில்லை. 1962 தொடக்கம் வரை இந்தத் தேதியைப் பென்சிலில் எழுதினார்கள், அப்புறம் ரப்பர் ஸ்டாம்ப். இதை வாசிப்பதில் பலர் ஏமாறுவார்கள். முதலில் இருக்கும் 5 மே மாதம் ஐந்தாம் தேதி இல்லை. அது பிரிசிஷன் பேஸின் மாடல் குறியீடு. கடைசியில் இருக்கும் சி, தலைப்பக்கம் தந்திகள் பதிந்து போகும் நட் என்ற துண்டு இருக்கும் இடத்தில் நெக்கின் அகலம், ஒன்றே முக்கால் அங்குலம். ஆக நெக் 1964 மே மாதத்தது. கிட்டார் முழுசாகப் பூட்டி வெளியே போனது அதற்குச் சில வாரமோ மாதமோ கழித்து இருக்கலாம்.

முத்திரை சொல்வதை மரமும் சொல்ல வேண்டும். 1959 முதல் 1962 நடுப்பகுதி வரை ஃபெண்டர் ஒட்டிய ரோஸ்வுட் அடியில் தட்டையான கனமான பலகை. அப்புறம் நெக்கின் மேப்பிள் மரத்தின் வளைவோடு வளைந்து ஒட்டும் மெல்லிய பலகைக்கு மாறினார்கள். நெக்கின் அடிமுனையைப் பக்கவாட்டில் பார்த்தால் இது நன்றாகத் தெரியும். என்னுடையதில் மெல்லிய பிறை வடிவம். சரி. ஃபிரெட்களுக்கு நடுவே இருக்கும் புள்ளிகள் முத்துப்போல மினுங்காமல் மங்கிய களிமண் நிறத்தில் இருந்தன. 1964 கடைசியில்தான் முத்து நிறத்துக்கு மாறினார்கள். அதுவும் சரி.

அடுத்து பிக்கார்டைத் தூக்கினேன். இங்கே ஓர் எச்சரிக்கை: அந்தக் காலத்து ஆமையோட்டு பிக்கார்ட் செல்லுலாய்டு. வயதாக ஆகச் சுருங்கும், ஓரம் வளையும், ஸ்க்ரூத் துளையிலிருந்து விரிசல் விடும். எல்லா ஸ்க்ரூவையும் முதலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திவிட்டு அப்புறம்தான் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஒரு மூலையை மட்டும் கழற்றி நெம்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் விலை.

வால்யூம் கண்ட்ரோலின் உலோக உடம்பில் 304 6412 என்று பொறித்திருந்தது. முதல் மூன்று எண் செய்த கம்பெனி, 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த இரண்டு வருஷம், கடைசி இரண்டு வாரம். 1964இன் பன்னிரண்டாவது வாரம், அதாவது மார்ச். மே மாத நெக்கோடு அழகாக ஒத்துப்போகிறது. பாகத்தின் தேதி நெக்கின் தேதிக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தால் நியாயம். வருஷக்கணக்கில் பின்னால் இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். டோன் கண்ட்ரோலைப் பார்த்தால் 137 7318. சிடிஎஸ் கம்பெனி, 1973. ஆக இது மாற்றியது. அந்த எண்ணே இல்லாமலும் கண்டுபிடித்திருக்கலாம். வால்யூமில் இருந்த சால்டர் மங்கிச் சாம்பல் பூத்து ஒரே குமிழாக இருந்தது. டோனில் இருந்தது பளபளப்பாக, இரண்டு தடவை உருக்கிய அடையாளத்தோடு பக்கத்தில் வழிந்திருந்தது. கையெழுத்து மாதிரி, இரண்டு வேறு கைகள்.

இதனால்தான் சொல்கிறேன், சோதிக்கிறேன் பேர்வழி என்று சால்டரிங் அயனை எடுத்துவிடாதீர்கள். தொடாத சால்டர் ஒரு சாட்சி. தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்அப் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வயரைக் கழற்ற வேண்டியதில்லை. வால்யூம், டோன் இரண்டையும் முழுசாகத் திறந்து, கேபிளைச் செருகி, அதன் மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்தால் போதும். எனக்குப் பத்தரைக் கிலோ ஓம் பக்கம் காட்டியது. பிரிசிஷனின் பிக்அப் இரண்டு சுருள்களைத் தொடராக இணைத்தது. ஒன்று அறுந்து, அதைத் தாண்டி யாராவது ஒட்டுப் போட்டிருந்தால் பாதிதான் காட்டும்.

இதுவரை ஒரு டோன் கண்ட்ரோல் போக எல்லாம் சுத்தம். நான் மனசுக்குள் பட்டாசு வெடிக்க ஆரம்பித்திருந்தேன். லாங் பீச்சில் பழைய கிட்டார்களை மட்டும் பார்க்கும் ஒரு டெக்னீஷியனிடம் கொண்டுபோனேன். நான் பெருமையாகக் காட்டிய முத்திரை, எண் எதையும் அவர் முதலில் பார்க்கவில்லை. நெக் உட்காரும் குழிக்குள் டார்ச் அடித்தார். "ம்" என்றார். அப்புறம் பிக்கார்டுக்கு அடியில் இருந்த ஒரு சின்னத் துளையைக் காட்டி, கையில் பத்து மடங்கு லென்ஸைக் கொடுத்து, "உள்ளே என்ன தெரிகிறது?" என்றார்.

ஆணித் துளை. அந்தக் காலத்தில் பாடிக்குப் பெயிண்ட் அடிக்கும்போதும் காயவைக்கும்போதும் மேசையில் ஒட்டாமல் இருக்கச் சில சின்ன ஆணிகளை அடித்து, அதன் மேல் நிற்கவைப்பார்கள். நாற்காலிக்குக் கால் மாதிரி. 1964 கடைசி வரை இந்த வழக்கம் இருந்தது. பெயிண்ட் அடிக்கும்போது ஆணி துளைக்குள்ளேயே இருப்பதால், பிடுங்கிய பிறகு துளைக்குள் வெறும் மரம்தான் தெரிய வேண்டும். லென்ஸில் நான் பார்த்தது கருஞ்சிவப்பு. லாக்கர் பெயிண்ட் துளைக்குள் வழிந்து அடியில் தேங்கி, கண்ணாடிபோல மின்னிக்கொண்டிருந்தது. மறுபடி பார்த்தேன். டார்ச்சைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். சிவப்புதான்.

நெக் குழியும் அதையே சொன்னது. 1963 வாக்கிலிருந்து பெயிண்ட் அடிக்கும்போது கைப்பிடி மாதிரி ஒரு குச்சியை அந்தக் குழியில் ஸ்க்ரூ போட்டுப் பிடித்துக்கொள்வார்கள். அதனால் குச்சி மறைத்த இடத்தில் பெயிண்ட் இல்லாமல் ஒரு தடம் இருக்கும். என்னுடையதில் குழி முழுக்க ஒரே சீராக லாக்கர். கடைசியாக அறை விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கை அடித்தார். நெக்கின் பின்புறம் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர்ந்தது, அந்தக் காலத்து நைட்ரோ லாக்கர் வயதானால் அப்படித்தான் ஒளிரும். பாடி அந்த வெளிச்சத்தில் ஒளிராமல் செத்துக் கிடந்தது. பாடிக்கு யாரோ பின்னால் மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

அந்த ஒரு துளை விலையைப் பாதியாக்கிவிட்டது. மிகைப்படுத்தவில்லை, மறுபெயிண்ட் அடித்த ப்ரீ-சிபிஎஸ் கிட்டாருக்கு ஒரிஜினல் பெயிண்டில் பாதி என்பதுதான் சந்தையில் பரவலான கணக்கு. சேகரிப்பவர்கள் பெயிண்டுக்கு இவ்வளவு விலை வைப்பது எனக்கு இன்றுவரை அபத்தமாகத்தான் படுகிறது. சத்தம் வருவது பிக்அப்பிலிருந்தும் விரலிலிருந்தும்.

ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற பேஸ் கலைஞர், மோட்டவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் பாட்டுகளில் வாசித்த பேஸ்கள் இந்தக் குடும்பம்தான். பெரும்பாலானவற்றை அவர் 1962 மாடல் பிரிசிஷன் ஒன்றில், தட்டையான நாடா சுற்றிய கனமான ஃப்ளாட்வவுண்ட் தந்திகளை மாற்றாமலேயே, ஒற்றை ஆள்காட்டி விரலால் வாசித்தார். அவர் இறந்த 1983இல், சாவுக்குச் சற்று முன்பு அது திருடுபோனது, இன்னும் கிடைக்கவில்லை. அதுவும் சன்பர்ஸ்ட்தான். பழைய சன்பர்ஸ்ட் பிரிசிஷனைக் கையில் எடுக்கும் எவனுக்கும் ஒரு நொடி அந்த நினைப்பு வராமல் இருக்காது. எனக்கு என் நெக்கில் '64' என்று பார்த்தபோது கொஞ்சம் ஏமாற்றம்கூட.

விற்றவரிடம் திரும்பிப் போனேன். லென்ஸையும் கூடவே எடுத்துக்கொண்டு போனேன், இது முக்கியம். "ஏமாற்றிவிட்டீர்கள்" என்று தொடங்கினால் கதவைச் சாத்துவார்கள். அவர் மேசையில் வைத்தே பிரித்து அவர் கண்ணாலேயே பார்க்கவைத்தேன். டெக்னீஷியன் எழுதிக்கொடுத்த அறிக்கையையும் தந்தேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா இதைப் பற்றிச் சொன்னதே இல்லையே" என்றார். ஒரு வாரம் கழித்து புது விலைக்கு ஒத்துக்கொண்டார். விற்பதற்காக வாங்குபவனாக இருந்தால் நான் விலகியிருப்பேன். வாசிக்க வாங்குபவனுக்கு, நெக்கும் பிக்அப்பும் ஒரிஜினலாக, பெயிண்ட் மட்டும் மாறிய பேஸ்தான் லாபம். கீறல் விழுமோ என்று பயந்து பெட்டிக்குள் பூட்டிவைக்க வேண்டியதில்லை.

வைத்துப் பராமரிப்பதில் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுக் காப்பீட்டில் தானாகச் சேர்ந்திருக்கும் என்று நினைக்காமல், மதிப்பீட்டுத் தாளோடு தனியாகச் சேர்த்தேன். ஒரிஜினல் பெட்டி இருந்தால் அதற்கே தனி விலை உண்டு, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நெக் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராட் நட் இந்த மாடலில் பாடிக்குள் ஒளிந்திருக்கும்; நெக்கைத் தளர்த்தினால்தான் கைக்கு வரும். ஒவ்வொரு முறை நெக் ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போதும் முதலில் எதிர்ப்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். 'க்ளக்' என்று பழைய புரியில் விழுவது விரலுக்குத் தெரியும். அதன் பிறகு முறுக்குங்கள். நேராக முறுக்கினால் புதுப் புரி வெட்டி, அறுபது வருஷத்து மேப்பிள் துளை தொளதொளவென்று ஆகிவிடும்.

சென்னைக்குக் கொண்டுபோய் பழைய குழுவோடு ஒரு நாள் வாசிக்கலாம் என்று ஆசைப்பட்டேன். அந்த ஃபிரெட்போர்டு பிரேசில் ரோஸ்வுட். அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் 1992இலிருந்து இருக்கும் மரம், புலிக்கும் யானைத் தந்தத்துக்கும் பக்கத்தில். நாட்டு எல்லை தாண்ட இசைக்கருவிச் சான்றிதழ் வாங்க வேண்டும். விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, ஊருக்கு என் சாதாரண பேஸையே எடுத்துப் போனேன்.

நாலைந்து மாதம் கழித்து அந்த ரிவர்சைடு மனிதரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. பழைய ஆல்பத்தில் கிடைத்ததாம். சர்ச் ஹாலில் அவருடைய அப்பா, காது மூடிய தலைமுடி, அகலக் காலர் சட்டை, தோளில் இதே பேஸ். ஆனால் சன்பர்ஸ்ட் இல்லை. பெயிண்டே இல்லாமல் வெறும் மர நிறம். பின்னால் 1974 என்று எழுதியிருந்தது. எழுபதுகளில் அது ஒரு ஃபேஷன். நல்ல பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு மரத்தைக் காட்டிக்கொண்டு திரிந்தார்கள். பிறகு மனசு மாறி மறுபடி சன்பர்ஸ்ட் அடித்திருக்கிறார். 1973 டோன் கண்ட்ரோலும் அந்தச் சமயத்தில்தான் வந்திருக்க வேண்டும். மொத்தமாகப் பிரித்தபோது ஏதாவது உடைந்திருக்கும்.

போட்டோவில் இன்னொன்றும் இருந்தது. பிரிட்ஜின் மேல் பளபளவென்று குரோம் மூடி. அந்தக் காலத்து பிரிசிஷன் எல்லாவற்றுக்கும் தொழிற்சாலையிலேயே அந்த மூடி உண்டு. வாசிக்க இடைஞ்சல் என்று பாதிப்பேர் கழற்றிப் போட்டுவிடுவார்கள், ஸ்க்ரூத் துளை மட்டும் மிஞ்சும். துளை மிஞ்சியாக வேண்டும்.

கராஜில் தேடிப் பாருங்கள் என்று கேட்டேன். அடுத்த வாரம் ஒரு பார்சல். பழைய காப்பித்தூள் டப்பாவில், வேறு எதெதற்கோ உரிய ஸ்க்ரூக்களோடு அந்த மூடி கிடந்ததாம். அடியில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சு தொட்டதும் பொடியாக உதிர்ந்தது.

பேஸை மேசையில் வைத்து மூடியை அதன் இடத்தில் பொருத்தினேன். ஸ்க்ரூ இறங்க வேண்டிய இடத்தில் வழுவழுவென்ற பெயிண்ட். விளக்கைக் கீழே இறக்கி, பாடியின் மேல் வெளிச்சம் சாய்வாக விழும்படி வைத்துக் குனிந்து பார்த்தேன். அங்கே, மூடியின் ஒவ்வொரு துளைக்கும் நேர்கீழே, அடைத்துப் பூசிய இடம் மெல்லக் குழிந்திருந்தது, மழைத்துளி விழுந்த மண்போல. விரலை வைத்துத் தடவினால் தெரியாது. மூடியைத் துடைத்துப் பெட்டியின் உள்பையில், போட்டோவோடு சேர்த்து வைத்திருக்கிறேன். துளை போடவில்லை.